வேலையின்மை ஊர் ஊராகப் பரவிய விதம்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் 2007 டிசம்பர் முதல் 2009 ஜூன் வரை நீடித்த பொருளாதார மந்தநிலையின்போது, அந்நாட்டின் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகளில் (நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பகுதிகள்) வேலையின்மை மாதாமாதம் எப்படி ஏறியது என்பதை நிறங்களால் காட்டும் வரைபட வரிசையைச் சென்ற இதழில் விளக்கியிருந்தோம். வேலையின்மை கூடக்கூட நிறம் கறுத்துக்கொண்டே போகும் அந்த வரைபடத்தைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: 2008-ன் தொடக்கத்தில் வரைபடத்தில் ஆங்காங்கே சில இடங்கள்தாம் கறுத்திருந்தன; 2009-ன் நடுப்பகுதியிலோ ஏறக்குறைய நாடு முழுவதுமே கறுத்துவிட்டது. நியூயார்க்கில் ஒரு வங்கி சரிந்தால், அதனோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத இந்தியானாவின் தொழிலாளிக்கு ஏன் வேலை போகிறது?

பதில்: முதலில் ஒரு திருத்தம். லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு அளித்தது 2008 செப்டம்பர் 15 அன்று. வரைபடத்தின் முதல் கறுப்பு அதற்கும் முந்தையது. வீட்டு விலைகள் 2006-லேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டன. எனவே, வீடு கட்டுவதையே பிழைப்பாகக் கொண்டிருந்த ஊர்கள்தாம் முதலில் அடிபட்டன. புளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ் வட்டாரம், கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் ஸ்டாக்டன், மெர்செட், நெவாடாவில் லாஸ் வேகஸ் ஆகிய இடங்களில் கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும் வேலையிழந்தபோது, நாட்டின் மற்ற பகுதிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கார்த் தொழில் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த மிச்சிகன் மாநிலமும் அப்போதே இருண்டிருந்தது. மந்தநிலை 2007 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது என்பதைத் தேசியப் பொருளாதார ஆய்வு அமைப்பு அறிவித்ததே 2008 டிசம்பரில்தான். வேலை இழந்தவர்களுக்கு ஓராண்டுக்கு முன்பே தெரிந்துவிட்ட செய்தி அது.

இனி நீங்கள் கேட்ட இந்தியானாவுக்கு வருவோம். அம்மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரம், படுக்கையும் சமையலறையும் உள்ளே அமைந்த, வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்தாற்போன்ற ஆர்.வி. எனப்படும் பயண வண்டிகளைச் செய்வதில் நாட்டுக்கே தலைமையிடம். இத்தகைய வண்டி யாருக்கும் அவசியத் தேவை அன்று. அதை வாங்குபவர்களில் பலர் கடன் பெற்றே வாங்குகிறார்கள். 2008 கோடையில் ஒரு கேலன் பெட்ரோல் 4 டாலரைத் தாண்டியபோது, ஆசைப்பட்டவர்களும் வாங்கத் தயங்கினார்கள். அதன்பின் இலையுதிர் காலத்தில் வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல் கடன் கொடுப்பதை நிறுத்தியபோது, வாங்கத் துணிந்தவர்களுக்கும் கடன் கிடைக்கவில்லை. வண்டிகளை இருப்பில் வைக்கக் கடனை நம்பியிருந்த விற்பனையாளர்களும் புதிதாக எதையும் எடுக்க முன்வரவில்லை. ஓராண்டுக்கு முன் 5 விழுக்காட்டை ஒட்டியிருந்த எல்க்கார்ட்டின் வேலையின்மை 2009-ன் தொடக்கத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டி, சில வாரங்களில் 20-ஐ நெருங்கியது. பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் அதிபர் ஒபாமா அந்த ஊருக்கே போய் மக்களைச் சந்தித்தார். அங்கே வேலையிழந்த தொழிலாளி எந்தத் தவறும் செய்யவில்லை, நன்றாக ஓடும் வண்டியைத்தான் செய்துகொடுத்தார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், வேலையிழந்தவரிடமே குறையைத் தேடும் வழக்கம் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது.

வேலையின்மை பரவும் வழிகளில் கடன் ஒன்று என்றால், அடுத்தது வாடிக்கையாளரின் கைப்பை. ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் வருமானம். வண்டி ஆலையில் வேலையிழந்தவர் முடிதிருத்தகத்துக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார். குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவதை நிறுத்துகிறார். பல் வலியைப் பொறுத்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்துப் பல் மருத்துவமனையின் வரவேற்பாளருக்கு வேலை போகிறது. அந்தப் பெண்ணுக்கும் வண்டித் தொழிலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆத்திஃப் மியான், அமிர் சூஃபி என்ற இரு பொருளியலாளர்கள் கவுண்டிவாரியான புள்ளிவிவரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். வீடுகளின் மதிப்பு அதிகமாகச் சரிந்த கவுண்டிகளில், உணவகம், கடை போன்று உள்ளூர் வாடிக்கையாளரை மட்டுமே நம்பிய வேலைகள் மற்ற இடங்களைவிட அதிகமாக அழிந்தன. நாடு முழுவதற்கும் பொருள் செய்தனுப்பும் ஆலைகளிலோ, ஆலை இருந்த ஊரில் வீட்டு விலை விழுந்ததா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், வேலைகள் எங்கும் குறைந்தன. லாஸ் வேகஸில் கடனில் சிக்கியவர் கார் வாங்காமல் போனால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வீட்டு விலை உயரவே உயராத ஒரு சிற்றூரின் உதிரிபாக ஆலையில் ஒரு ஷிஃப்ட் நின்றுபோகிறது. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது வழி பலர் கவனிக்காதது. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை பற்றாக்குறை இல்லாத வரவு செலவுத் திட்டத்தையே போட வேண்டும் என்பது அவற்றின் சட்டம். வருமான வரியும் விற்பனை வரியும் வற்றிப்போனபோது, மாநிலங்களும் உள்ளாட்சிகளும் செலவைக் குறைத்தன. தனியார் நிறுவனங்கள் மெல்ல மீண்டும் ஆள் எடுக்கத் தொடங்கிய பின்னரும், ஆசிரியர்கள் உட்பட உள்ளாட்சிப் பணியாளர்கள் வேலையிழந்துகொண்டிருந்தார்கள்.

கேள்வி: இந்த அலையில் தப்பித்த ஊர்களே இல்லையா?

பதில்: இருந்தன. வடக்கு டகோட்டாவின் வேலையின்மை அந்த ஆண்டுகளிலும் 5 விழுக்காட்டுக்குக் கீழேயே நின்றது. வேளாண்மையும், பாக்கன் பாறைப் படிவத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழிலின் வளர்ச்சியும் அதற்குக் காரணங்கள். ஆனால் அது மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலம். மிச்சிகனிலும் நெவாடாவிலும் வேலையிழந்தவர்கள் அனைவருக்கும் அங்கே இடமில்லை.

கேள்வி: மந்தநிலை 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்கிறீர்கள். ஆனால் வேலையின்மை அந்த ஆண்டு அக்டோபரில்தான் 10 விழுக்காடு என்ற உச்சத்தைத் தொட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மழை விட்டும் தூவானம் விடாத கதையாக அல்லவா இருக்கிறது?

பதில்: மந்தநிலை என்பது பொருளாதாரத்தின் உற்பத்தியும் வருமானமும் இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தை மட்டுமே குறிக்கிறது. இறக்கம் நின்றுவிட்டது என்றால் பள்ளத்தின் அடிக்கு வந்துவிட்டோம் என்றுதான் பொருள். பழைய மேட்டுக்கு ஏறிவிட்டோம் என்று பொருளில்லை. விற்பனை குறையும்போது முதலாளி முதலில் மிகைநேர வேலையை நிறுத்துகிறார், பிறகு வேலை நேரத்தைக் குறைக்கிறார், அதன் பிறகே ஆட்குறைப்புக்கு வருகிறார். விற்பனை திரும்பும்போதும் அதே வரிசைதான்: முதலில் இருப்பவர்களுக்குக் கூடுதல் நேரம், பிறகு தற்காலிகப் பணியாளர்; இந்த விற்பனை நிலைக்கும் என்ற நம்பிக்கை வந்த பின்னரே நிரந்தர வேலைக்கு ஆள். அந்த நம்பிக்கை வர மாதங்கள் பிடிக்கும். இதற்கிடையில் படிப்பை முடித்த இளைஞர்களும் புதிதாக வேலை தேடி வருகிறார்கள்.

எண்களாகவே பார்க்கலாம். 2008 நவம்பர் முதல் 2009 ஏப்ரல் வரை மாதத்துக்குச் சுமார் 7 லட்சம் வேலைகள் அழிந்தன. 2010-ன் தொடக்கம் வரையில் மொத்த இழப்பு ஏறத்தாழ 87 லட்சம். மந்தநிலை தொடங்கியபோது 76 லட்சமாக இருந்த வேலையற்றோர் எண்ணிக்கை 2009 அக்டோபரில் 1 கோடியே 54 லட்சம் ஆனது. இழந்த வேலைகளின் எண்ணிக்கை மீண்டும் ஈடானது 2014-ல். வேலையின்மை விகிதம் பழைய 5 விழுக்காட்டுக்குத் திரும்பியது 2015-ல். ஆக, சரிவு ஒன்றரை ஆண்டு, ஏற்றம் ஆறு ஆண்டு. 2009 ஜூனை வைத்து ‘முடிந்தது’ என்று எழுதும்போது இந்த ஆறு ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்ற இதழில் நாங்கள் அதைச் செய்யவில்லை.

கேள்வி: அந்த 10 விழுக்காடு யாரைக் கணக்கில் கொள்கிறது? வேலை இல்லாத எல்லோரையுமா?

பதில்: இல்லை. மாதந்தோறும் சுமார் 60,000 வீடுகளில் எடுக்கப்படும் கணக்கெடுப்பில், குறிப்பிட்ட வாரத்தில் வேலை இல்லாதவராகவும், வேலைக்குப் போகத் தயாராகவும், கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடி முயன்றவராகவும் இருப்பவர் மட்டுமே வேலையற்றவர். முயன்று முயன்று சலித்துப்போய்த் தேடுவதை விட்டவர் அதில் வரமாட்டார். முழுநேர வேலை கிடைக்காமல் வாரத்துக்குப் பத்து மணி நேரம் வேலை செய்பவர், வேலையில் இருப்பவராகவே கொள்ளப்படுகிறார். இவர்களையும் சேர்த்துக் கணக்கிடும் விரிவான அளவீடு அதே அக்டோபரில் 17 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. மேலும், 10 என்பது சராசரி. கறுப்பின மக்களிடையே வேலையின்மை 2010-ன் தொடக்கத்தில் 16 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. கல்லூரிப் பட்டம் பெற்றவர்களிடையே 5 விழுக்காட்டை ஒட்டியே நின்றது.

கேள்வி: ஓர் ஊரில் வேலை இல்லையென்றால் வேலை இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதுதானே? அமெரிக்கர்கள் எளிதில் இடம்பெயர்பவர்கள் என்றுதான் படித்திருக்கிறேன்.

பதில்: முன்பு அப்படித்தான் நடந்தது. ஒரு மாநிலத்தில் வேலைகள் அழிந்தால், சில ஆண்டுகளில் மக்கள் வெளியேறுவதன் மூலமே அங்கே வேலையின்மை குறைகிறது என்று பிளான்சார்ட், காட்ஸ் என்ற பொருளியலாளர்கள் 1992-ல் காட்டியிருந்தார்கள். 2008-ல் இரண்டு தடைகள் எழுந்தன. நாடே கறுத்திருக்கும்போது போவதற்கு ஊர் குறைவு என்பது ஒன்று. மற்றது வீடு. அடமானக் கடன் 2 லட்சம் டாலர் பாக்கி இருக்க, வீடு ஒன்றரை லட்சத்துக்குத்தான் விலைபோகும் என்றால், அதை விற்பவர் கையிலிருந்து 50,000 டாலரை எடுத்துவைத்தாக வேண்டும். வேலையிழந்தவரிடம் அந்தப் பணம் ஏது? இந்த இரண்டாவது தடை எவ்வளவு பெரிது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் என்ற ஊரை அருகிலிருந்து பார்ப்போம். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1919-ல் டிராக்டர் செய்யத் தொடங்கி, 1923 முதல் கார் செய்தது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையாக அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இருந்தன. 2008 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாக, கடைசி வண்டி வரிசையிலிருந்து இறங்கியது. அந்த ஆலைக்கு இருக்கைகள் செய்துகொடுத்த நிறுவனத்திலும் வேலை நின்றது. தொழிலாளர்களில் சிலருக்கு இந்தியானாவின் ஃபோர்ட் வேன் போன்ற இடங்களில் இருந்த அதே நிறுவனத்தின் ஆலைகளுக்கு மாற்றல் கிடைத்தது. பணிமூப்பும் ஓய்வூதியமும் போய்விடக் கூடாது என்று அதை ஏற்றுக்கொண்டவர்களில் பலர், குடும்பத்தை ஜேன்ஸ்வில்லிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனார்கள். வாரம் முழுவதும் அங்கே பகிர்ந்துகொண்ட அறையில் தங்குவது, வார இறுதியில் நான்கைந்து மணி நேரம் கார் ஓட்டி வீட்டுக்கு வருவது, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் கிளம்புவது என்று ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். இவர்கள் புள்ளிவிவரத்தில் வேலையற்றவர்கள் அல்லர், இடம்பெயர்ந்தவர்களும் அல்லர். வரைபடத்தில் எந்த நிறமும் இவர்களைக் காட்டாது.

வரைபடம் மீண்டும் வெளுத்தபோதும் இதுபோன்ற ஒரு மறைவு இருந்தது. டேனி யாகன் என்ற பொருளியலாளர், 2007-ல் யார் எங்கே வசித்தார்கள் என்பதை வரிக் கணக்குகளிலிருந்து எடுத்து, 2015-ல் அவர்களின் நிலையைத் தேடிப் பார்த்தார். அதற்குள் ஊர்களின் வேலையின்மை விகிதங்கள் ஏறக்குறையச் சமமாகிவிட்டிருந்தன. ஆனால் பின்னர் கடுமையாக அடிபட்ட ஊரில் 2007-ல் இருந்தவர்களுக்கு, அதேபோன்ற வயதும் தொழிலும் கொண்டு வேறு ஊரில் இருந்தவர்களைவிட, 2015-லும் வேலையில் இருக்கும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. அந்த ஊர்களின் விகிதம் இறங்கியதற்கு, தேடுவதையே விட்டுவிட்டுக் கணக்கிலிருந்து மறைந்தவர்களும் ஒரு காரணம்.

கேள்வி: வேலையிழந்தோருக்கான உதவித்தொகையை 99 வாரங்கள் வரை நீட்டித்தார்களாமே. உட்கார்ந்த இடத்தில் பணம் வந்தால் யார் வேலை தேடுவார்கள்?

பதில்: இந்தக் கேள்வியை நல்லெண்ணம் உள்ளவர்களும் கேட்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன். வழக்கமாகப் பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரங்கள் இருந்த உதவி, வேலையின்மை மிக அதிகமாக இருந்த மாநிலங்களில் 99 வாரங்கள் வரை நீண்டது உண்மைதான். சராசரியாக வாரத்துக்கு 300 டாலர் அளவில் கிடைத்த அந்தத் தொகை, பெரும்பாலோருக்குப் பழைய சம்பளத்தில் பாதிக்கு மேல் போகாது. தானாக வேலையை விட்டவருக்கும் முதன்முறை வேலை தேடுபவருக்கும் பொதுவாக அது கிடையாது. பெறுபவரும் வேலை தேடிக்கொண்டிருப்பதாகத் தொடர்ந்து காட்ட வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. மந்தநிலைக்கு முன் காலியாக இருந்த ஒவ்வோர் இடத்துக்கும் வேலையற்றவர் இரண்டு பேருக்கும் குறைவு. 2009-ன் நடுவில் ஆறு பேருக்கு மேல். ஆறு பேரும் ஒருநாள்கூட ஓயாமல் தேடினாலும், ஐந்து பேர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவர்களில் எவரைச் சோம்பேறி என்று சொல்வது? தேடும் காலம் நீள நீள, அந்த நீளமே குற்றமாகவும் ஆகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான மாதிரி விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிச் சோதித்த ஆய்வு ஒன்றில், தகுதிகள் எல்லாம் ஒத்திருந்தும், நெடுநாள் வேலையின்றி இருந்ததாகக் காட்டிய விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்புகள் குறைந்தன. அந்தச் சரிவு முதல் எட்டு மாதங்களிலேயே பெரும்பாலும் நடந்துவிட்டது. 2010-ன் வசந்த காலத்தில் வேலையற்றோரில் 100-க்கு ஏறக்குறைய 45 பேர் ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாதவர்கள்.

உதவித்தொகை தேடலைச் சிறிதளவு தாமதப்படுத்தும் என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதல் பதிலில் சொன்ன பல் மருத்துவமனை வரவேற்பாளரை நினைத்துப் பாருங்கள். வேலையிழந்தவர் அந்த 300 டாலரைச் சேமித்துவைப்பதில்லை. அந்த வாரமே, அதே ஊரில் வாடகைக்கும் மளிகைக்கும் செலவழிக்கிறார். ஒருவரின் வேலையிழப்பு அடுத்தவரின் வேலையிழப்பாக மாறும் பாதையில் அந்தத் தொகை அணைபோல் நிற்கிறது.

கேள்வி: என் அண்ணன் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. முன்பெல்லாம் வேலைக்குப் போய்வந்து, கிடைத்த ஒரு மணி நேரத்திலும் புத்தகம் படிப்பார். இப்போது நாள் முழுவதும் ஓய்வுதான். ஆனால் ஒரு பக்கம்கூடப் படிப்பதில்லை, சொன்ன நேரத்துக்கு எங்கும் வருவதில்லை. அண்ணி மனம் நொந்துபோயிருக்கிறார். இது சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை, அம்மா. 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற சிற்றூரில், ஊரே நம்பியிருந்த நூல் ஆலை மூடப்பட்டது. மரி யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு அந்த மக்களைப் பக்கத்திலிருந்து கவனித்தது. நீங்கள் எழுதியது அப்படியே அவர்களின் பதிவில் இருக்கிறது. ஊர் நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும், இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் நடப்பவர்களை மறைவிலிருந்து கடிகாரம் வைத்துக் கவனித்தபோது, ஆண்கள் மெதுவாக நடந்ததும், கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மீண்டும் மீண்டும் நின்றதும் தெரிந்தது. பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். பெண்களோ அவர்களைவிட வேகமாக நடந்தார்கள்; ஆலை வேலை போனாலும் சமையலும் துவையலும் பிள்ளைகளும் அவர்களுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தன. சம்பளத்தோடு சேர்த்து நாளின் வடிவத்தையும் வேலை ஒருவருக்குத் தருகிறது என்பதை அந்தக் குழு கண்டது.

எனவே உங்கள் அண்ணனிடம் ‘சும்மாதானே இருக்கிறாய், படி’ என்று சொல்வது அவரைப் புண்படுத்துமே தவிர, பயன் தராது. இன்னொருவர் காத்திருக்கும் ஒரு பொறுப்பை, குறித்த நேரத்தோடு அவரிடம் கொடுத்துப் பாருங்கள்: குழந்தையைப் பள்ளியில் விடுவது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை ஆறு மணிக்குக் கணக்குச் சொல்லித்தருவது, இப்படி ஏதாவது ஒன்று. வேலை தேடுவதையும் காலையில் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; நாள் முழுவதும் தேடுபவரைவிட அவர் சோர்வு குறைந்து இருப்பார். தூக்கம் கெட்டாலோ, வாழ்வதில் பிடிப்பில்லை என்ற பேச்சு வந்தாலோ, காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அண்ணியிடமும் மரியன்தால் பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள்; அவர் தெருவில் தனியாக விரைந்து நடந்துகொண்டிருப்பதை நீங்களாவது பார்த்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியட்டும்.